பாட்டிலின் முதுகில் ஒரு பெயர்

அம்சவேணி என்ன வேலை பார்க்கிறாள் என்று யார் கேட்டாலும் அவளுடைய அப்பா அய்யாசாமி ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "இம்போர்ட் எக்ஸ்போர்ட்." எதை இம்போர்ட் பண்ணுகிறாள் என்று தோண்டினால், "ஃபாரின் ஐட்டம்" என்பார். அதற்கும் மேலே தோண்டுகிறவர்களை விட்டுவிட்டு பார்க்கில் வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார்.

ஐட்டம் வேறொன்றுமில்லை, பிரெஞ்சு ஒயின்.

நான் மீனாக்ஷி. டில்லி துவாரகாவில் அவர்கள் குடியிருக்கும் அதே பிளாக்கில், இரண்டு மாடி மேலே. பிறந்து வளர்ந்தது கரோல் பாக், பிழைப்பு பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. அம்சவேணிக்குப் பிரெஞ்சு வராது, எனக்கு ஒயின் வராது. அவளுடைய வியாபாரப் பேச்சுகளில் பாதிக்கு நான்தான் வாய். ஆகவே அவள் கதையைச் சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை. மற்றவர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன், எல்லாம் அரைகுறை.

அவர்களுக்குத் தேனிப் பக்கம், சின்னமனூர். அய்யாசாமி சி.ஐ.எஸ்.எஃப். காவல் படையில் சேர்ந்து டில்லிக்கு வந்தவர். சர்வீஸில் பெரும்பகுதியை ஏர்போர்ட் வாசலில் நின்று, டிக்கெட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கழித்தார். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பார்வை போகவில்லை. நான் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தால்கூட என் பையை ஒரு தரம் நோட்டம் விட்டபிறகுதான் வணக்கம் சொல்வார்.

அவருக்கு முத்து என்று ஒரு தம்பி. குடித்துக் குடித்தே செத்துப்போனான். இவர் லீவு வாங்கி, ரயிலேறி, ஊர் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். கூடப் பிறந்தவனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் சாராயம், பிராந்தி, ஒயின் எல்லாம் ஒன்றுதான், எந்தப் பெயரும் வாயில் வரக்கூடாது. இதை நான் ஒருநாளும் கிண்டல் செய்தது கிடையாது. குடிக்கு ஒரு உயிரைக் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு 'ஒயின் ஒரு ரசனை' என்று வகுப்பெடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பேர்ப்பட்ட வீட்டுப் பெண் இதற்குள் எப்படி வந்தாள்? ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படித்துவிட்டு, ஏர்போர்ட் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் ரெஸ்டாரண்டில் வேலைக்குச் சேர்ந்தாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒயின் வகுப்பு வைத்தார்கள். ஆளுக்கொரு கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, ருசி பாருங்கள் என்றார்கள்.

நம் வீடுகளில் குழந்தைக்கு நடை பழக்கும்போதே சொல்லிப் பழக்குகிற விஷயம் ஒன்று உண்டு. பொதுப் பாத்திரத்தில் வாய் வைக்காதே, எச்சில் பண்ணாதே, அண்ணாந்து குடி. கோப்பையோ ஹோட்டலுடையது. நாளைக்கு வேறு யாரோ குடிக்கப்போகும் கோப்பை. அம்சவேணி கொஞ்சமும் யோசிக்காமல் தலையைப் பின்னால் சாய்த்தாள், கோப்பையை நெற்றிக்கு மேலே தூக்கினாள், ஊற்றினாள். நம் டம்ளருக்கு இருப்பதுபோல மடித்த விளிம்பு அந்த வயிறு பருத்த கோப்பைக்கு ஏது? பாதி மூக்கில் ஏறியது, பாதி யூனிஃபார்மில் இறங்கியது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு 'நல்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்தியில் தண்ணீர்க் குழாய்.

"அழுதேன்க்கா," என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள். "ஆனா மூக்குல ஏறுன பாதி இருக்குல்ல, அதுல நாவப்பழ வாசம் அடிச்சுச்சு. தும்மிக்கிட்டே மோந்து பாக்குறேன். ஒரு வாய்த் தண்ணிக்குள்ள இம்புட்டு வாசத்த யாரு வச்சதுன்னு அன்னைக்குப் புடிச்ச கிறுக்குதான்."

யூனிஃபார்மில் இருந்த கறையை அப்பா வாசலிலேயே பிடித்துவிட்டார். ஏர்போர்ட்டில் எத்தனை பெட்டியைப் பிடித்தவர்! வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் அவள்தான் ஒரு வழி சொன்னாள்.

"தொண்டைக்குக் கீழ ஒரு சொட்டு எறங்காதுப்பா. வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிருவேன். இந்த வேலை பாக்குறவங்க அப்பிடித்தான் துப்புவாங்க."

"சத்தியமா?"

"முத்துச் சித்தப்பா மேல சத்தியமாப்பா."

அவர் சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய காரியம்.

ஆனால் துப்புவதும் லேசில்லை. பொதுப் பாத்திரத்தில் வாய் வைக்கக் கூசுகிறவளுக்கு நாலு பேருக்கு நடுவே துப்புவது எவ்வளவு கூச்சமாக இருக்கும்! குளியலறையில் வாளியை வைத்துக்கொண்டு தண்ணீரைக் கொப்பளித்துக் கொப்பளித்துப் பழகினாளாம், சிந்தாமல், சத்தமில்லாமல், ஒரே கோடாக. அந்தச் சத்தியத்தை அவள் ஒருநாள்கூட மீறவில்லை. ஹோட்டலை விட்டு, குர்கானில் ஒரு பெரிய ஒயின் இறக்குமதிக் கம்பெனியில் சேர்ந்து, அங்கே வாங்கும் பிரிவில் ஏறத்தாழ எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தபோதும் மீறவில்லை.

கம்பெனிக்கு முதலாளி கிருஷ்ணபிரசாத். டில்லியிலேயே பிறந்த தமிழர், நல்ல மனிதர்தான், தமிழ் மட்டும் கொஞ்சம் நொண்டும். எல்லோருக்கும் அவர் கே.பி. அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். அம்சவேணி எந்த ஒயினைப் பற்றி எவ்வளவு சரியாகச் சொன்னாலும், "அச்சா, பட் யூ டோன்ட் டிரிங்க்" என்று முடித்துவிடுவார். குடிக்காதவள் பேச்சுக்கு அங்கே மதிப்பு அவ்வளவுதான்.

அந்தக் கோபத்தில்தான் அவள் சரித்திரம் படிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பிரெஞ்சுப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்து, "இந்தப் பக்கம் மட்டும் சொல்லுங்கக்கா" என்பாள். படிக்கப் படிக்க எனக்கே சுவாரசியம் தட்டியது. பிரான்சில் ஒயின் என்றால் முதலில் சொல்கிற ஊர் போர்தோ. அந்த ஊர் ஒயினை உலகத்துக்கு விற்றவர்களில் பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர்களே இல்லை. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், ஆங்கிலேயர்கள், டச்சுக்காரர்கள், ஜெர்மானியர்கள். கோட்டைச் சுவருக்கு வெளியே, ஆற்றங்கரையில் ஷார்த்ரோன் என்ற பேட்டையில் வீடும் கிடங்குமாகக் குடியேறினார்கள். பீப்பாய்க்குள் கந்தகத் திரியைக் கொளுத்தி, கப்பலில் போகும் ஒயின் கெடாமல் காக்கும் வழியைப் பரப்பியவர்கள் டச்சுக்காரர்கள். ஷாம்பேன் பக்கம் போனால் இன்னும் வேடிக்கை. நாலு மொழியில் கடிதம் எழுதத் தெரியும் என்பதற்காக குமாஸ்தா வேலைக்கு வந்த ஜெர்மன் பையன்கள் மெல்ல மெல்ல முதலாளியானார்கள். இன்றைக்கும் பல பாட்டில்களில் அவர்கள் பெயர்தான்.

எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. டைப்பும் ஷார்ட்ஹேண்டும் தெரியும் என்பதை மட்டும் நம்பி டில்லிக்கு வந்து, கரோல் பாக்கில் ஒண்டுக் குடித்தனம் இருந்து, செக்ரடேரியட்டில் ஃபைல் எழுதிய அத்தனை பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். "நம்மளவாதாண்டி இவாளும்!" என்று கத்தியே விட்டேன். அம்சவேணி அப்படியெல்லாம் உருகவில்லை. "குடிக்கிறவன் விக்கலக்கா, தெரிஞ்சவன் வித்திருக்கான்" என்றாள். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு, கரோல் பாக்கில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் சொந்தக் கம்பெனி தொடங்கினாள்.

இங்கேதான் அய்யாசாமியின் நிபந்தனை வந்தது. வெளிநாட்டு பாட்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தால் அதன் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அதில் இறக்குமதி செய்தவரின் பெயர் இருக்க வேண்டும். டில்லியில் எந்த ஆபீசுக்குப் போனாலும் சர்நேம் கேட்பார்கள். நமக்கேது சர்நேம்? அப்பா பெயர் போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்திலிருந்து பாஸ்போர்ட் வரை அவள் அம்சவேணி அய்யாசாமி.

"நீ என்னமும் பண்ணு. எம்பேரு எந்த பாட்டில்லயும் வரக்கூடாது," என்றார் அவர். "குடிச்சுப்புட்டு ரோட்டுல கெடக்குறவன் கையில எம்பேரு இருக்கக் கூடாது."

அவள் அதற்கும் தலையாட்டினாள். 'புளூ கேட் டிரேடிங்' என்று மனசில் ஒட்டாத ஒரு பெயரை வைத்தாள். ஆனால் பெயரை வைத்தால் போதுமா, சரக்கு வேண்டாமா? புதிய கம்பெனியை நம்பி எந்தப் பிரெஞ்சுத் தோட்டக்காரரும் நேரடியாக ஒயின் கொடுக்கவில்லை. பெரிய கம்பெனிகள் மிச்சம் வைத்ததை வாங்கி விற்றே காலம் ஓடியது. சொந்தமாக ஒரு தோட்டத்தின் ஏஜென்சி கிடைக்காவிட்டால் கடையைச் சாத்திவிட்டு மறுபடியும் கே.பி.யிடம் போய் நிற்கவேண்டியதுதான். அதை நினைத்து அவள் தூங்காமல் கிடந்தது எனக்குத் தெரியும்.

போன குளிர்காலத்தில் அந்தச் சந்தர்ப்பம் வந்தது. பிரான்சின் தெற்குக் கோடியில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி, ரூசியோன் என்று ஒரு மலைப் பிரதேசம். அங்கே தோட்டம் வைத்திருக்கும் ஒரு மதாம், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், இந்தியாவுக்கு ஒரே ஒரு வியாபாரியைத் தேர்ந்தெடுக்க டில்லிக்கு வந்திருந்தாள். மூன்று பேரை ஒரு ஹோட்டல் ஹாலுக்கு மத்தியானம் அழைத்திருந்தாள். கே.பி., சவுத் டில்லியிலிருந்து இன்னொரு இறக்குமதிக்காரர், மூன்றாவது அம்சவேணி. மொழிபெயர்க்க நான். எங்களை மாருதியில் கொண்டுவந்து விட்ட அய்யாசாமி, உள்ளே வர மறுத்து, ஹால் வாசலில் சஃபாரி சூட்டோடு நின்றுகொண்டார். பழக்கதோஷம். உள்ளே போன இரண்டு பேர் தங்கள் பையைத் திறந்து அவரிடம் காட்டிவிட்டே போனார்கள்.

பேச்சு ஆரம்பித்ததும் கே.பி. தன் கிடங்கு, தன் லாரி, தன் ஹோட்டல் வாடிக்கை எல்லாவற்றையும் அழகாகச் சொன்னார். சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே, "அம்சா ஜி ரொம்ப டேலண்டட், மதாம். என் கம்பெனிலதான் கத்துக்கிட்டாங்க. பட் அவங்க குடிக்கவே மாட்டாங்க. அவங்க ஃபேமிலில யாருமே நஹி," என்றார். மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாமா என்று எனக்குக் கை அரித்தது. தொழில் தர்மம், மொழிபெயர்த்தேன்.

மதாம் அம்சவேணியைப் பார்த்தாள்.

"அக்கா, அப்பிடியே சொல்லுங்க," என்றாள் அம்சவேணி. "அயர்லாந்துல தெராச்சைத் தோட்டமே கெடையாது. அங்கேருந்து வந்தவங்க போர்தோ ஒயின ஊரு ஊரா வித்தாங்க. ஷாம்பேன்ல கணக்கெழுத வந்த ஜெர்மன்காரங்க பேருதான் இன்னைக்கும் பாட்டில்ல இருக்கு. வெளியூர்க்காரன் வித்ததாலதான் உங்க ஒயின் வெளியூருக்குப் போச்சு. நானும் வெளியூர்க்காரிதான். இந்த டில்லிக்கே நாங்க வெளியூர்தான்."

நான் ஒரு சொல் குறையாமல் சொன்னேன். கொஞ்சம் கூட்டிக்கூடச் சொல்லியிருப்பேன். மதாம் முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது.

"அந்த வியாபாரிகள் எல்லோரும் போர்தோவோடு நின்றுவிட்டார்கள். எங்கள் மலைக்கு யார் வந்தார்கள்? அதனால்தான் நானே வியாபாரியைத் தேடி விமானம் ஏறியிருக்கிறேன்," என்றாள். "பேச்சு போதும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று பார்க்கிறேன்."

பைக்குள்ளிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். கண்ணாடிப் பாத்திரம். அகன்ற வயிறு, பிடித்துக்கொள்ள ஒரு கழுத்து, பக்கத்தில் கூராக நீளும் ஒரு மூக்கு. அப்படியே நம் கெண்டி! சிவப்பு ஒயினை அதில் ஊற்றினாள்.

"இது எங்கள் ஊர் வழக்கம். மேசைக்கு ஒன்றுதான் இருக்கும், எல்லோருக்கும் இதுவேதான். வாய் படக்கூடாது."

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்சவேணியின் கண் விரிந்துவிட்டது. "வாய் படக்கூடாதாமாக்கா?" என்று கேட்டாள். சிரிப்பை அடக்கமுடியாமல் நான் மேசை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் கே.பி. கெண்டியைத் தூக்கினார், சாய்த்தார். ஒயின் முதலில் தாடையில், அப்புறம் கழுத்தில், அப்புறம் அந்த இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். "பையா, டிஷ்யூ! ஜல்தி!" என்று சர்வரைப் பார்த்துக் கத்தினார். அதைப் பார்த்து உஷாரான சவுத் டில்லிக்காரர் கெண்டியின் மூக்கை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார், பயத்தில் உதட்டிலேயே வைத்துவிட்டார். மதாம் கெண்டியை வாங்கி அதன் மூக்கைத் துடைத்தாள். அந்தத் துடைப்பிலேயே அவர் கதை முடிந்தது.

அம்சவேணி எழுந்தாள். நல்கா! கழுத்தைச் சாய்த்தாள், கெண்டியைக் கை நீண்ட மட்டும் தூக்கினாள். சிவப்பாக ஒரு நூல் இறங்கி நேராக வாய்க்குள் போனது. ஒரு துளி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை. மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினாள், நூல் அறுந்தது. ஹாலில் இருந்த சர்வர்கள் கை தட்டிவிட்டார்கள். எனக்குப் பெருமையில் கண் கலங்கியது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. வாய் நிறைய ஒயின். அடுத்து என்ன செய்வாள்? வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அய்யாசாமி கதவைத் தாண்டி ஓரடி உள்ளே வந்து நின்றிருந்தார்.

அம்சவேணி அவர் நிற்பதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, வாய்க்குள் அந்த ஒயினை மெல்லப் புரட்டினாள். மேசை ஓரத்தில் துப்புவதற்கென்று வைத்திருந்த வாளியருகே நடந்தாள். குனிந்து, சத்தமில்லாமல், ஒரே கோடாகத் துப்பினாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்து, "வெயில்ல காஞ்ச மலைக்காட்டு வாசம்க்கா. கடைசியில லேசா உப்புக் காத்து. கடலு பக்கத்துல இருக்கும்போல," என்றாள்.

"மதாம், அவங்க உங்க வீட்டு வழக்கத்தை இன்சல்ட் பண்றாங்க," என்றார் கே.பி., சட்டையைத் தேய்த்துக்கொண்டே.

மதாம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கடல் தன் தோட்டத்திலிருந்து தெரியும் என்று சொன்னாள். பிறகு, "ஏன் விழுங்கவில்லை?" என்று கேட்டாள். அம்சவேணி ஒளிக்கவில்லை. சித்தப்பாவைச் சொன்னாள், சத்தியத்தைச் சொன்னாள். அதையும் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

மதாம் கெண்டியைத் தன் பக்கம் நகர்த்தினாள். "குடிப்பதற்கு எனக்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்," என்றாள் பிறகு. "விற்பதற்குத்தான் ஆள் தேடி வந்தேன். என் ஒயின் உனக்கு. ஒரே நிபந்தனை. இந்த புளூ கேட் கிளூ கேட் எல்லாம் வேண்டாம். அந்த வெளியூர்க்காரர்கள் தங்கள் சொந்தப் பெயரைப் போட்டு விற்றார்கள் என்று நீதானே சொன்னாய்? என் பாட்டிலின் முதுகிலும் ஒரு மனுஷியின் பெயர்தான் இருக்கவேண்டும். உன் முழுப்பெயர் என்ன?"

நான் தமிழில் சொன்னேன். கையெட்டும் தூரத்தில் ஏஜென்சி, அதைத் தொட அப்பாவின் பெயர் வேண்டும். அம்சவேணியின் தலை குனிந்தது. "முடியாதுன்னு சொல்லிருங்கக்கா," என்றாள். கே.பி. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. அய்யாசாமி மேசைக்கே வந்துவிட்டார். ஒயின் இருக்கும் மேசைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வருகிறார்.

"அந்தம்மா என்ன கேக்குது?" என்றார் என்னிடம்.

"பாட்டில்ல போட முழுப்பேரு கேக்கறா சார். உங்க பேரும் சேர்ந்து வரும். அம்சா முடியாதுன்னுட்டா."

அவர் மகளைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். கே.பி.யின் சட்டையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"இத்தன வருசமா நீ சொன்னத நான் நம்பலத்தா. வாயில ஊத்துனவ துப்பவா போறான்னுதான் நெனச்சேன். இன்னைக்குக் கண்ணால பாத்தேன்." சஃபாரி சூட்டின் பித்தானைச் சரிசெய்துகொண்டார். "எந்தம்பிக்கு இந்தத் தைரியம் இருந்திருந்தா இன்னைக்கு உசுரோட இருந்திருப்பான்."

பிறகு மதாமின் பக்கம் திரும்பி, குதிகாலைச் சேர்த்து, சல்யூட் அடிக்காத குறையாக நின்றார். "அய்யாசாமி. ஹெட் கான்ஸ்டபிள், ரிட்டயர்டு. இது எம்மக," என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மதாம் எழுந்து நின்று கை கொடுத்தாள்.

ஏப்ரலில் முதல் சரக்கு இறங்கியது. பின்பக்கத்து ஸ்டிக்கரில் 'அம்சவேணி அய்யாசாமி, கரோல் பாக், புது தில்லி' என்று அச்சடித்திருந்தது. கே.பி.யே இருபது பெட்டி வாங்கினார், சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். இப்போது அவள் டில்லி ஹோட்டல்களில் ஒயின் வகுப்பு எடுக்கிறாள். கெண்டியை மேசை நடுவில் வைத்து, முதல் பாடமே அண்ணாந்து குடிப்பதுதான். சட்டை நனையாத பிள்ளை இல்லை.

பார்க்கில் யாராவது கேட்டால் அய்யாசாமி இப்போது பெஞ்சு மாறுவதில்லை. "ஒயின் யாவாரம். பாட்டில்ல எம்பேரு இருக்கு. நானும் குடிக்கிறதில்ல, அவளும் குடிக்கிறதில்ல," என்று அவரே முந்திக்கொண்டு சொல்கிறார். வகுப்பில் காலியான முதல் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து, சோடா உப்புப் போட்டுக் கழுவி, குடிதண்ணீர் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அந்த பாட்டிலோடு பால்கனிக்கு வருவார். எதிர் பிளாக்குக்காரர்கள் பார்க்கட்டும் என்றே, தன் பெயர் வெளிப்பக்கம் தெரியும்படி பிடித்துக்கொண்டு, வாய் படாமல் அண்ணாந்து குடிப்பார்.